எஸ்ஆர்வி பதிவு போட்டும் சேவை இணையவில்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

ஒரே டொமைன். வலைத்தளம் ஒரு சர்வரில், அரட்டை இன்னொன்றில், தொலைபேசி அழைப்பு மூன்றாவதில், நாட்காட்டி நான்காவதில் ஓடுகிறது. பயனருக்கு இந்தப் பிரிவினை எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவர் உதாரணம்.காம் என்று தட்டினால் போதும். அந்தந்தச் செயலி தனக்குரிய சர்வரைத் தானே தேடிப் போக வேண்டும். டிஎன்எஸ்-இல் (டொமைன் பெயர்களுக்குரிய முகவரிகளைச் சொல்லும் இணையக் கோப்பகம்) மின்னஞ்சலுக்கு எம்எக்ஸ் பதிவு நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை இது. அதை மற்ற சேவைகளுக்கும் பொதுவாக்கியதுதான் எஸ்ஆர்வி. 1996-இல் ஆர்எஃப்சி 2052 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஆவண வரிசை) அதைச் சோதனை நிலையில் கொண்டுவந்தது. 2000 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 2782 இன்றைய வடிவத்தைக் கொடுத்தது.

பதிவு என்னவோ ஒரே வரிதான். அந்த ஒரு வரி பிசகினால் "சர்வரை அடைய முடியவில்லை" என்று செயலி சொல்லும். அந்த வாசகத்துக்குப் பின்னால் பத்துக் காரணங்கள் இருக்கலாம். நான் எப்போதும் மூன்று கேள்விகளை இந்த வரிசையில்தான் கேட்பேன். செயலி எஸ்ஆர்வியைக் கேட்டதா? கேட்டதற்குச் சரியான பதில் கிடைத்ததா? கிடைத்த இடத்துக்குப் போய்ச் சேர முடிந்ததா? பெரும்பாலானோர் இரண்டாவது கேள்வியில் தொடங்கி அங்கேயே சுற்றுகிறார்கள். முதல் கேள்விக்கே விடை "இல்லை" என்றால், பதிவை எத்தனை முறை திருத்தினாலும் எதுவும் மாறாது.

கீழே பதிவுகளையும் கட்டளைகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டுங்கள்.

முதலில் பதிவைக் கிட்டத்தில் பார்ப்போம்

_எக்ஸ்எம்பிபி-கிளையன்ட்._டிசிபி.உதாரணம்.காம். 3600 ஐஎன் எஸ்ஆர்வி 10 5 5222 அரட்டை.உதாரணம்.காம்.

இடப்பக்கம் இருப்பது கேள்வி: "உதாரணம்.காம் டொமைனில், டிசிபி வழியாக, எக்ஸ்எம்பிபி கிளையன்ட் சேவை எங்கே?" எக்ஸ்எம்பிபி என்பது அரட்டைக்கான நெறிமுறை; டிசிபி, யுடிபி இரண்டும் தரவைக் கடத்தும் முறைகள். சேவைப் பெயருக்கும் புரோட்டோகால் பெயருக்கும் முன்னால் அடிக்கோடு உண்டு. சாதாரணமாக யாராவது ஒரு சர்வருக்கு வைத்துவிடக்கூடிய பெயரோடு இவை மோதக்கூடாது என்பதற்காக வைத்த அடையாளம் அது. 3600 என்பது டிடிஎல், அதாவது பதிலைக் கேஷில் (தற்காலிக நினைவில்) எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்ற அளவு, விநாடியில். பிறகு வரும் மூன்று எண்களும் முன்னுரிமை, எடை, போர்ட் (சர்வரில் அந்தச் சேவை காத்திருக்கும் வாசல் எண்). கடைசியில் இலக்கு, அதாவது சேவை உண்மையில் ஓடும் சர்வரின் பெயர்.

அந்த மூன்று எண்களின் வரிசையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடியும் வரும்.

எதையும் மாற்றுவதற்கு முன், டிஎன்எஸ்-ஐக் கேட்டுப் பார்க்கும் டிக் என்ற கருவியில் இரண்டு கட்டளைகள்:

டிக் என்எஸ் உதாரணம்.காம் +ஷார்ட்
டிக் @என்எஸ்1.உதாரணம்.காம் எஸ்ஆர்வி _எக்ஸ்எம்பிபி-கிளையன்ட்._டிசிபி.உதாரணம்.காம்

முதலாவது, டொமைனுக்கு அதிகாரம் பெற்ற நேம் சர்வர்கள் (டொமைனின் பதிவுகளை வைத்திருப்பவை) எவை என்று சொல்லும். இரண்டாவது, அவற்றில் ஒன்றிடமே நேரடியாகக் கேட்கிறது. இடையில் இருக்கும் கேஷ் எதுவும் குறுக்கே வராது. இதே கேள்வியை @ பகுதி இல்லாமல் ஒருமுறை கேட்டால், உங்கள் வழக்கமான ரிசால்வர் (உங்கள் கணினிக்காக டிஎன்எஸ் கேள்விகளைக் கேட்டுத் தரும் சர்வர்) என்ன சொல்கிறது என்பது தெரியும். இரண்டு பதில்களையும் ஒரு கோப்பில் ஒட்டிவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அறிகுறி: டிக்கில் பதில் கச்சிதம், செயலி மட்டும் வேறெங்கோ போகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எஸ்ஆர்வி பதிவு யாரையும் எங்கும் திருப்பிவிடாது. செயலி தானாக முன்வந்து கேட்டால்தான் அதற்கு வேலை. கேட்கத் தெரியாத செயலிக்கு அந்தப் பதிவு இல்லாதது மாதிரிதான்.

வலை உலாவி அப்படிக் கேட்காத செயலி. "_ஹெச்டிடிபி._டிசிபி என்று போட்டு 8080 போர்ட்டைக் காட்டினேன், உலாவி இன்னும் 80-க்கும் 443-க்குமே போகிறது" என்று கேட்பவர்கள் ஏராளம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எதுவும் பக்கத்தைத் திறக்க எஸ்ஆர்வியைப் பார்ப்பதில்லை. ஒரே ஐபியில் பல வலைச் சேவைகளை வைக்க வேண்டுமென்றால் துணை டொமைன்களும், அவற்றைப் பெயர் பார்த்துப் பிரித்தனுப்பும் ரிவர்ஸ் ப்ராக்ஸியும்தான் வழி. உலாவிகளுக்கென்று 2023 நவம்பரில் ஆர்எஃப்சி 9460 மூலம் ஹெச்டிடிபிஎஸ் என்றே பெயர் கொண்ட தனிப் பதிவு வகை வந்திருக்கிறது. அதன் எண் 65. எஸ்ஆர்வியின் எண் 33. இரண்டும் வேறு வேறு. ஒன்றைப் போட்டுவிட்டு மற்றது வேலை செய்யும் என்று காத்திருக்க வேண்டாம்.

எஸ்ஆர்வியைக் கேட்கிறவை எவை? எக்ஸ்எம்பிபி அரட்டைச் செயலிகள், சிப் (இணையவழி அழைப்புக்கான நெறிமுறை) தொலைபேசிகள், ஆக்டிவ் டைரக்டரியில் சேரும் கணினிகள், கெர்பரோஸ், கால்டேவ் நாட்காட்டிச் செயலிகளில் பல, மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு, மாங்கோடிபி தரவுத்தளத்தின் இயக்கிகள். மைன்கிராஃப்ட்டின் பெட்ராக் பதிப்பு கேட்பதில்லை. விளையாட்டு ஒன்றுதானே என்று இரண்டு பதிப்புக்கும் ஒரே முகவரியைக் கொடுத்தால் பாதிப் பேர் உள்ளே வருவார்கள், மீதிப் பேர் வெளியே நிற்பார்கள். ஐமேப் (மின்னஞ்சலைப் படிக்கும் சேவை), மின்னஞ்சல் அனுப்பும் சேவை ஆகியவற்றுக்கு 2011-இல் ஆர்எஃப்சி 6186 பெயர்களை வகுத்துக் கொடுத்தது. ஆனாலும் எல்லா அஞ்சல் செயலிகளும் அவற்றைத் தேடுவதில்லை. தமக்கென்று வேறு தானமைப்பு முறை வைத்திருப்பவை நிறைய. பதிவைப் போட்டுவையுங்கள், கெடுதல் இல்லை. அதை மட்டும் நம்பிப் பயனருக்கு வழிகாட்டுக் குறிப்பு எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

கேட்கத் தெரிந்த செயலியும் சில நேரம் கேட்காது. பயனர் முகவரியோடு போர்ட்டையும் சேர்த்துத் தட்டிவிட்டால், "எங்கே போவது என்று எனக்கே சொல்லிவிட்டார்கள்" என்று பல செயலிகள் எஸ்ஆர்வியைத் தாண்டிவிடும். சிப்புக்கு ஆர்எஃப்சி 3263 இதை விதியாகவே வைத்திருக்கிறது: முகவரியில் போர்ட் இருந்தால் நேராக ஐபி தேடு, எஸ்ஆர்வி வேண்டாம். மாங்கோடிபியில் எஸ்ஆர்வி வகை இணைப்பு முகவரியில் போர்ட் எழுதினால் முகவரியே செல்லாது. ஆகவே பயனரிடம் முதலில் கேட்க வேண்டியது: "முகவரிப் பெட்டியில் எழுத்துக்கு எழுத்து என்ன தட்டியிருக்கிறீர்கள்?"

மேட்ரிக்ஸ் என்ற அரட்டை நெறிமுறையில் இன்னொரு அடுக்கு உண்டு. சர்வர்கள் ஒன்றையொன்று தேடும்போது, டொமைனின் வலைத்தளத்தில் வெல்-நோன் கோப்பு (சேவை எங்கே இருக்கிறது என்று சொல்லும் கோப்பு) இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். அது இருந்தால் அதில் சொன்ன பெயருக்குப் போகும். உங்கள் டொமைனுக்கு நேராகப் போட்ட எஸ்ஆர்வி அங்கே எடுபடாது. பழைய வெல்-நோன் கோப்பு ஒன்று மறந்து கிடந்தால், புதிய எஸ்ஆர்வி எவ்வளவு சரியாக இருந்தாலும் பலன் தெரியாது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நேரான வழி, செயலி ஓடும் கணினியிலேயே ஒட்டுக்கேட்பது:

சூடோ டிசிபிடம்ப் -என் -ஐ எனி போர்ட் 53

செயலியை மூடித் திறங்கள். எஸ்ஆர்வி என்ற சொல் திரையில் வந்தால் கேட்கிறது. ஏ, ஏஏஏஏ (ஐபிவி4, ஐபிவி6 முகவரிப் பதிவுகள்) மட்டும் வந்தால் கேட்கவில்லை. எதுவுமே வரவில்லை என்றால் கணினி டிஎன்எஸ் கேள்விகளை ஹெச்டிடிபிஎஸ் வழியாக மறைத்து அனுப்புகிறதோ, முன்பு கிடைத்த பதிலைக் கேஷிலிருந்து எடுக்கிறதோ என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை, ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: என்எக்ஸ்டொமைன் — அப்படி ஒரு பெயரே இல்லை

அதிகாரம் பெற்ற நேம் சர்வரே இப்படிச் சொன்னால், பெயர் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அடிக்கடி நடப்பது டொமைன் இரட்டிப்பு. பெயர்ப் பெட்டியில் நீங்கள் முழுப் பெயரையும் எழுத, கண்ட்ரோல் பேனல் தன் பங்குக்கு டொமைனை ஒட்ட, பதிவு _எக்ஸ்எம்பிபி-கிளையன்ட்._டிசிபி.உதாரணம்.காம்.உதாரணம்.காம் என்று போய் நிற்கும். இரட்டித்த பெயரையே டிக்கில் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. சில பேனல்களில் சேவைக்கும் புரோட்டோகாலுக்கும் தனித்தனிப் பெட்டி இருக்கும். அங்கே அடிக்கோட்டை நீங்கள் போட வேண்டுமா, பேனலே போடுமா என்பது பேனலுக்குப் பேனல் மாறும். சேமித்த பின் டிக்கில் பார்ப்பதுதான் ஒரே உறுதி.

அடுத்து, அடிக்கோட்டுக்குப் பதில் இணைப்புக்கோடு; டிசிபி இருக்க வேண்டிய இடத்தில் யுடிபி; டிஎல்எஸ் (இணைப்பை மறைகுறியாக்கும் முறை) ஓடுகிறது என்பதற்காக _டிஎல்எஸ் என்று எழுதுவது. டிஎல்எஸ் சிப்புக்கு ஆர்எஃப்சி படி பெயர் _சிப்ஸ்._டிசிபி. சில தயாரிப்புகள் _சிப்._டிஎல்எஸ் என்று தமக்கென்று ஒரு பெயரைத் தேடுவதும் உண்டு. எனவே சேவையின் ஆவணத்தில் உள்ள பெயரை அப்படியே நகலெடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

நேம் சர்வரில் பெயர் சரியாக இருக்கிறது, ரிசால்வர் மட்டும் இன்னும் "இல்லை" என்கிறதா? பதிவைப் போடுவதற்கு முன்பே யாரோ ஒருமுறை கேட்டிருப்பார்கள். "இல்லை" என்ற பதிலும் கேஷில் தங்கும். எவ்வளவு நேரம் என்பதை உங்கள் ஜோனின் (டொமைனின் பதிவுத் தொகுப்பின்) எஸ்ஓஏ என்ற தலைப்புப் பதிவு முடிவு செய்கிறது: அதன் கடைசி எண், எஸ்ஓஏவின் சொந்த டிடிஎல், இரண்டில் எது குறைவோ அது. 1998-இல் ஆர்எஃப்சி 2308 வகுத்த விதி. கடைசி எண் 86400 என்று இருந்தால் ஒரு முழு நாள் வரை காத்திருக்க நேரும். பதிவைப் போட்டுவிட்டு அப்புறம் சோதிப்பதே நல்ல பழக்கம். "இன்னும் போடவில்லை, சும்மா ஒருமுறை கேட்டுப் பார்க்கிறேன்" என்று நாம் செய்யும் சோதனையே அந்த இல்லாமையைக் கேஷில் ஏற்றிவிடுகிறது.

விண்டோஸில் என்எஸ்லுக்அப் கொண்டு பார்ப்பவர்கள் பெயரின் இறுதியில் ஒரு புள்ளி வையுங்கள். இல்லையென்றால் அலுவலக நெட்வொர்க்கின் பின்னொட்டு தானாக ஒட்டிக்கொண்டு, நீங்கள் கேட்காத ஒரு பெயருக்குப் பதில் வரும்.

வைல்ட்கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேஷம். ஜோனில் நட்சத்திரக் குறியோடு (தனிப் பதிவு இல்லாத பெயர்களுக்கெல்லாம் பதில் தரும் வைல்ட்கார்டு) ஒரு சிநேம் (இன்னொரு பெயரைக் காட்டும் மாற்றுப்பெயர்ப் பதிவு) இருந்து, எஸ்ஆர்வி எதுவும் இல்லாதபோது _சிப்._டிசிபி பற்றிக் கேட்டால், வைல்ட்கார்டு முந்திக்கொண்டு வலைத்தளத்தின் சிநேமைப் பதிலாகக் கொடுக்கும். பிறகு எக்ஸ்எம்பிபிக்கு ஒரே ஒரு எஸ்ஆர்வி சேர்த்தீர்கள் என்று வையுங்கள். அந்தக் கணத்தில் _டிசிபி.உதாரணம்.காம் என்ற கிளை உருவாகிவிடுகிறது. அதன் கீழே இருக்கும் பெயர்களுக்கு மேலேயுள்ள வைல்ட்கார்டு பொருந்தாது. நேற்று சிநேம் காட்டிய கேள்வி இன்று என்எக்ஸ்டொமைன் காட்டும். யாரும் எதையும் உடைக்கவில்லை, டிஎன்எஸ் விதியே அப்படி.

அறிகுறி: பிழையும் இல்லை, பதிலும் இல்லை

நிலை நோஎர்ரர், பதில் பகுதி காலி. பெயர் இருக்கிறது, அந்தப் பெயரில் எஸ்ஆர்வி வகைப் பதிவு இல்லை. ஒன்று, பேனலில் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கை தவறி டிஎக்ஸ்டி (வெறும் உரைப் பதிவு) ஆகியிருக்கும். அல்லது டிக்கில் எஸ்ஆர்வி என்ற வகையைக் குறிப்பிட மறந்திருப்பீர்கள். வகை சொல்லாவிட்டால் டிக் ஏ பதிவைத்தான் கேட்கும்.

அறிகுறி: எஸ்ஆர்வி கிடைக்கிறது, இலக்கின் ஐபி கிடைக்கவில்லை

டிக் +ஷார்ட் கொடுத்த வரியின் கடைசிச் சொல்லை எடுத்து, அதற்கு ஏ, ஏஏஏஏ கேளுங்கள். ஜோன் கோப்பைக் கையால் எழுதுபவர்களுக்கு இங்கே காரணம் பெரும்பாலும் ஒரு புள்ளிதான். இலக்கின் இறுதியில் புள்ளி இல்லாவிட்டால் நேம் சர்வர் அதை அரைகுறைப் பெயராக எடுத்துக்கொண்டு டொமைனை ஒட்டும். அரட்டை.உதாரணம்.காம்.உதாரணம்.காம் என்று வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

இலக்கில் ஐபி எழுதுவது இன்னொரு பிழை. அங்கே பெயர்தான் இருக்கலாம். 192.0.2.10 என்று எழுதினால் பேனல் ஏற்றுக்கொண்டாலும், 10 என்ற டாப் லெவல் டொமைனில் இருக்கும் ஒரு சர்வரின் பெயராக டிஎன்எஸ் அதைப் படிக்கும். அப்படி ஒரு டொமைன் கிடையாது. ஒரு பெயர் வைத்து, அதற்கு ஏ பதிவு போட்டு, அந்தப் பெயரை இலக்காக்குங்கள். அந்தப் பெயர் சிநேமாகவும் இருக்கக்கூடாது என்று ஆர்எஃப்சி 2782 தெளிவாகச் சொல்கிறது. சிநேம் வைத்தாலும் பல செயலிகள் பொறுத்துக்கொண்டு பின்தொடரும், சில நின்றுவிடும். "என் போனில் வருகிறதே, அவருடைய கணினியில் ஏன் வரவில்லை" என்ற கேள்விக்கு இது ஒரு பொதுவான விடை.

இலக்குப் பெயர் வலைத்தளத்துக்கு முன்னால் நிற்கும் ப்ராக்ஸியின் ஐபியைக் காட்டினாலும் இணைப்பு வராது. அந்த ப்ராக்ஸி வலைப் போக்குவரத்தை மட்டுமே கடத்தும், 5222-ஐயோ 5060-ஐயோ அல்ல. எஸ்ஆர்வியின் இலக்குக்கென்று ப்ராக்ஸி போகாத தனிப் பெயர் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.

இலக்கு இடத்தில் வெறும் புள்ளி மட்டும் தெரிந்தால் அது பிழை அல்ல. "இந்தச் சேவை இந்த டொமைனில் கிடையாது" என்று வேண்டுமென்றே செய்யும் அறிவிப்பு அது.

அறிகுறி: பெயர், ஐபி எல்லாம் சரி, இணைப்பு மறுக்கப்படுகிறது அல்லது காத்திருந்து ஓய்கிறது

ஒரு சிறு குழுவுக்கு அரட்டை சர்வர் அமைத்தபோது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சர்வர் ஓடுகிறது, 5222 திறந்திருக்கிறது, டிக்கில் பதில் வருகிறது, ஆனால் ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. ஃபயர்வால் விதிகளை இரண்டு முறை முழுதாகப் படித்தேன். கடைசியில் டிக் கொடுத்த வரியை விரல் வைத்து எண்ணெண்ணாகப் படித்தபோதுதான் தெரிந்தது:

10 5222 5 அரட்டை.உதாரணம்.காம்.

எடை 5222, போர்ட் 5. பேனலில் முன்னுரிமைக்குத் தனிப் பெட்டி இருந்தது. மீதி மூன்றையும் ஒரே பெட்டியில் எழுத வேண்டும், அங்கே இரண்டு எண்கள் இடம் மாறிவிட்டன. எண்கள் மூன்றும் 0 முதல் 65535 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதால் பேனலுக்கு இது பிழையாகவே தெரியாது. அன்றிலிருந்து டிக் வரியைப் பார்த்ததும் முதலில் மூன்றாவது எண்ணைத்தான் பார்க்கிறேன்.

எண்கள் சரியென்றால் வெளி நெட்வொர்க்கிலிருந்து சோதியுங்கள்:

என்சி -விஇசட் அரட்டை.உதாரணம்.காம் 5222

உடனே மறுத்தால் அந்தப் போர்ட்டில் யாரும் காது கொடுக்கவில்லை, அல்லது ஃபயர்வால் வெளிப்படையாக மறுக்கிறது. பதிலே இல்லாமல் இழுத்தால் ஃபயர்வால் மௌனமாக விழுங்குகிறது. இதை -4, -6 என்று இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். இலக்குக்கு ஏஏஏஏ பதிவு இருந்து, சேவை ஐபிவி6-இல் காது கொடுக்காமல் இருந்தால், ஐபிவி6 உள்ள பயனர்களுக்கு மட்டும் தாமதமும் தோல்வியும் வரும்.

உங்கள் பயனர்கள் உள்ளே வருகிறார்கள், தங்களுக்குள் பேசுகிறார்கள், வேறு டொமைன்காரர்களோடு மட்டும் பேச முடியவில்லை என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலான சேவைக்கு _எக்ஸ்எம்பிபி-சர்வர்._டிசிபி என்ற தனிப் பதிவும் 5269 என்ற தனிப் போர்ட்டும் வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை மறப்பது மிகச் சாதாரணம்.

எக்ஸ்எம்பிபியில் ஒரு விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்ஆர்வி இல்லவே இல்லை என்றால் செயலி டொமைனின் ஐபிக்கே போய் 5222-ஐத் தட்டிப் பார்க்கும். எஸ்ஆர்வி கிடைத்து, அது காட்டிய இடம் தோற்றால், அந்த மாற்று வழிக்குப் போக வேண்டாம் என்று ஆர்எஃப்சி 6120 சொல்கிறது. "பதிவே இல்லாதபோது ஓடியது, பதிவு போட்டதும் நின்றது" என்ற புகார் இதனால்தான் வருகிறது. தப்பான பதிவு, பதிவே இல்லாததை விட மோசம்.

அறிகுறி: சான்றிதழ் பொருந்தவில்லை என்கிறது

அரட்டை.உதாரணம்.காம் பெயரில் சான்றிதழ் வாங்கி அந்தச் சர்வரில் வைத்திருப்பீர்கள். செயலி ஏற்காது. அது தேடுவது உதாரணம்.காம் என்ற பெயரை.

இதைப் பலர் கோளாறு என்று நினைக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் இதுதான் நியாயம். பயனர் நம்பித் தட்டிய பெயர் உதாரணம்.காம். அரட்டை.உதாரணம்.காம் என்பது டிஎன்எஸ் சொன்ன பெயர். டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில்களுக்கு மின்னணுக் கையெழுத்திடும் முறை) இல்லாத நிலையில் இடையில் இருக்கும் ஒருவர் அந்தப் பதிலை மாற்றி, தன் சர்வரின் பெயரைக் கொடுக்க முடியும்; தன் பெயருக்கு முறையான சான்றிதழும் வைத்திருப்பார். செயலி இலக்கின் பெயரை ஏற்றுக்கொண்டால் பயனர் நேராக அவர் கையில் போய் விழுவார். அதனால் எக்ஸ்எம்பிபியும் சிப்பும் பயனர் தட்டிய டொமைனையே சான்றிதழில் எதிர்பார்க்கின்றன. டிஎன்எஸ்செக் கையெழுத்தோடு எஸ்ஆர்வியை நம்பலாம் என்ற ஏற்பாடு 2015-இல் ஆர்எஃப்சி 7673-ஆக வந்தது. இரு பக்க மென்பொருளும் அதை ஆதரித்தால்தான் பயன், எனவே அதை நம்பித் தொடங்க வேண்டாம்.

நடைமுறைச் சிக்கல் வேறு. உதாரணம்.காம் வலைத்தளம் வேறு சர்வரில் ஓடுகிறது. 80 போர்ட் வழியாக உறுதிசெய்யும் முறையில் அரட்டை சர்வரால் அந்தப் பெயருக்குச் சான்றிதழ் வாங்க முடியாது. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டைப் பயன்படுத்தினால் டிஎன்எஸ்-01 முறைக்கு மாறுங்கள். _ஆக்மி-சேலஞ்ச் என்ற பெயரில் ஒரு டிஎக்ஸ்டி பதிவு வைத்தால் போதும், வலைத்தளம் எங்கே ஓடுகிறது என்பது பொருட்டே இல்லை. வலை சர்வரில் வாங்கிய சான்றிதழை நகலெடுத்து வைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் புதுப்பிக்கும்போதெல்லாம் நகலும் தானாகப் போய்ச் சேரவும், அரட்டைச் சேவை அதை மறுபடி ஏற்றிக்கொள்ளவும் ஏற்பாடு வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட்டின் வழக்கமான சான்றிதழ் 90 நாள் என்பதால், "மூன்று மாதம் நன்றாக ஓடியது, திடீரென்று நின்றது" என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

சர்வர் எந்தச் சான்றிதழைக் காட்டுகிறது என்பதை இப்படிப் பாருங்கள்:

ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் -கனெக்ட் அரட்டை.உதாரணம்.காம்:5222 -ஸ்டார்ட்டிஎல்எஸ் எக்ஸ்எம்பிபி -எக்ஸ்எம்பிபிஹோஸ்ட் உதாரணம்.காம்

கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் இலக்கின் பெயருக்கான கேள்வியாகிவிடும். சோதனையில் சரி, செயலியில் தவறு என்று குழப்பும்.

அறிகுறி: இரண்டு சர்வர் வைத்தும் ஒன்றே சுமக்கிறது

முன்னுரிமையையும் எடையையும் குழப்பிக்கொண்டிருப்பீர்கள். முன்னுரிமையில் சிறிய எண்தான் முதலில். 10-உம் 20-உம் போட்டால் 20 சும்மா காத்திருக்கும். 10 எட்டாதபோதுதான் அதன் முறை. சுமையைப் பகிர வேண்டுமென்றால் முன்னுரிமை ஒன்றாகவே இருக்க வேண்டும், எடையில்தான் பங்கு. ஒரே முன்னுரிமையில் 60, 20, 20 என்று எடை போட்டால் புதிய இணைப்புகள் சராசரியாக அந்த விகிதத்தில் பிரியும். அங்கே எடை 0 போட்ட சர்வருக்கு மிக அரிதாகவே ஆள் வரும்.

அரட்டை போன்ற நீண்டநேர இணைப்புகளில் விகிதம் உடனே தெரியாது. காலையில் இணைந்தவர் மாலை வரை அதே சர்வரில் இருப்பார். ஒரு சர்வரை மறுதொடக்கம் செய்தால் அதன் ஆட்கள் எல்லோரும் மற்றதில் குவிவார்கள், அது எழுந்த பிறகும் திரும்பி வரமாட்டார்கள்.

எஸ்ஆர்வி எந்தச் சர்வரின் உடல்நிலையையும் பார்ப்பதில்லை. முதல் சர்வர் விழுந்துவிட்டது என்பதைச் செயலியே முட்டிப் பார்த்துத்தான் அறியும். ஃபயர்வால் மௌனமாக விழுங்கினால், லினக்ஸின் இயல்பு அமைப்பில் ஒரு டிசிபி முயற்சி ஓய 2 நிமிடத்துக்கும் மேல் ஆகும். அதற்குள் பயனர் செயலியை மூடிவிடுவார். பராமரிப்புக்காகச் சேவையை நிறுத்தும்போது போர்ட் உடனடியாக மறுப்புச் சொல்லும்படி விடுங்கள். செயலி அடுத்த நொடியே இரண்டாவது சர்வருக்குப் போகும்.

அறிகுறி: சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை

நேம் சர்வர்கள் எல்லாம் ஒரே பதிலைச் சொல்கின்றனவா என்று முதலில் பாருங்கள்:

டிக் உதாரணம்.காம் +என்எஸ்சர்ச்

ஒவ்வொரு நேம் சர்வரின் எஸ்ஓஏ வரிசை எண்ணும் அடுத்தடுத்து வரும். ஒன்று மட்டும் பழைய எண்ணில் நின்றால், ஜோன் கோப்பைத் திருத்தியவர் வரிசை எண்ணை ஏற்ற மறந்துவிட்டார், அல்லது பிரதி எடுப்பது தடைபட்டிருக்கிறது.

அலுவலகத்துக்குள் ஒரு பதில், வெளியே ஒரு பதில் என்று பிரித்து வைத்திருக்கும் இடங்களில், வெளி ஜோனில் போட்ட எஸ்ஆர்வியை உள் ஜோனிலும் போட மறப்பது வழக்கம். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் அங்கே தேடுங்கள்.

நிறைய சர்வர்களை எஸ்ஆர்வியில் வரிசைப்படுத்தியிருந்தால் பதில் பெரிதாகும். இலக்குப் பெயரைச் சுருக்கி எழுத டிஎன்எஸ் இங்கே அனுமதிப்பதில்லை என்பதால் எதிர்பார்த்ததை விடவே பெரிதாகும். யுடிபியில் கொள்ளாதபோது ரிசால்வர் டிசிபி 53-இல் மறுபடி கேட்கும். "டிஎன்எஸ் என்றால் யுடிபிதானே" என்று டிசிபி 53-ஐ அடைத்துவைத்த நெட்வொர்க்கில் அந்தப் பதில் வந்து சேராது. டிக் +டிசிபி என்று கேட்டால் நொடியில் தெரியும்.

செர்வ்ஃபெயில் (ரிசால்வரால் பதில் தர முடியவில்லை என்ற பிழை) வந்தால் +சிடி (கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டாம் என்ற குறி) சேர்த்துக் கேளுங்கள். அப்போது மட்டும் பதில் வந்தால் டிஎன்எஸ்செக் கையெழுத்து காலாவதியாகியிருக்கிறது, அல்லது பதிவாளரிடம் உள்ள டிஎஸ் பதிவு (கையெழுத்துச் சாவியின் அடையாளம்) பொருந்தவில்லை. கையெழுத்தைச் சரிபார்க்காத ரிசால்வரைப் பயன்படுத்துபவர்களுக்கு எல்லாம் இயல்பாகவே ஓடும். அதனால்தான் "சிலருக்கு மட்டும்".

அறிகுறி: சர்வரை மாற்றிய பின்னும் ஆட்கள் பழையதற்கே வருகிறார்கள்

இரண்டு டிடிஎல்கள் இருக்கின்றன: எஸ்ஆர்வியுடையது ஒன்று, இலக்கின் ஏ பதிவுடையது இன்னொன்று. ஒன்றை 300-ஆகக் குறைத்துவிட்டு மற்றதை 86400-இல் விட்டுவைத்தால் மாற்றம் பெரிய எண்ணின்படிதான் நடக்கும். மாற்றும் நாளுக்குக் குறைந்தது ஒரு பழைய டிடிஎல் அளவு முன்பே இரண்டையும் குறையுங்கள். மாற்றும் அன்று காலையில் குறைப்பதால் பலன் இல்லை, ஏற்கெனவே கேஷில் இருப்பவை பழைய டிடிஎல்லைச் சுமந்துகொண்டிருக்கும்.

மாற்றும்போது புதிய சர்வரைச் சிறிய முன்னுரிமை எண்ணோடு சேர்த்து, பழையதைப் பெரிய எண்ணோடு சில நாட்கள் விட்டுவையுங்கள். பழைய சர்வரின் பதிவேட்டைத் தினமும் பாருங்கள். புது இணைப்பு ஒன்றும் வராத நாளில் அதன் எஸ்ஆர்வி வரியை எடுங்கள். அந்த வரியின் டிடிஎல் முழுதாகக் கழிந்த பிறகு போர்ட்டை மூடுங்கள்.